சதுப்பில் மணக்கும் மிரிகா: ஒரு காட்டுப் புதரைப் புரிந்துகொள்ள

டென்மார்க்கில் எக்ட்வெட் என்ற கிராமத்தில் 1921-இல் ஒரு பழைய மண்மேட்டைத் தோண்டினார்கள். ஓக் மரத்தண்டைக் குடைந்து செய்த சவப்பெட்டி ஒன்று கிடைத்தது. உள்ளே 16 முதல் 18 வயதுக்குள் இருக்கும் ஒரு பெண். அந்த மரத்தின் வளையங்களைக் கணக்கிட்டதில், அவளைப் புதைத்தது கி.மு. 1370 வாக்கில் என்று பிற்பாடு தெரியவந்தது. அவள் காலருகே பிர்ச் மரப்பட்டையில் செய்த சின்ன வாளி ஒன்று இருந்தது. அதில் ஊற்றி வைத்த பானம் எப்போதோ வற்றி, அடியில் பழுப்பாக ஒட்டிக் கிடந்தது. அதைச் சுரண்டி எடுத்து ஆராய்ந்தார்கள். கோதுமை, தேன், ஒரு சிவப்புக் காட்டுப்பழம், இவற்றோடு ஒரு சதுப்புநிலப் புதரின் மிச்சமும் இருந்தது.

அந்தப் புதர்தான் மிரிகா. முழுப் பெயர் மிரிகா கேல். ஆங்கிலத்தில் போக் மிர்ட்டில், சுவீட் கேல் என்பார்கள். நோர்வேயிலும் சுவீடனிலும் பொர்ஸ். வட ஐரோப்பாவின் ஈரநிலங்களிலும் வட அமெரிக்காவின் வடபகுதியிலும் தானாக வளர்வது. ஒன்டாரியோவில் வாழும் நம் ஆட்கள் கோடை விடுமுறைக்கு வடக்கே ஏரிக்கரைப் பக்கம் போனால், கால் உரசும் தூரத்திலேயே இது நின்றிருக்கும்.

இதைப் பற்றிப் பேச்சு நிறைய உலவுகிறது. பழங்கால வீரர்களுக்கு வெறியேற்றிய மூலிகை, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் கொடி வருவதற்கு முந்தைய பீரின் ரகசியம், பூச்சி அண்டவிடாத அற்புதச் செடி என்றெல்லாம். இவற்றில் பாதி சரி. மீதியில் வேறொரு செடியின் கதை கலந்துவிட்டது. இந்தச் செடி எங்கே, எப்படிப் பிழைக்கிறது என்று புரிந்துகொண்டால் எது எந்தப் பாதி என்று பிரித்துவிடலாம். அதனால் பயன்களைப் பிறகு பார்ப்போம், முதலில் செடி.

பெயரை முதலில் சரிசெய்வோம்

நிலவேம்பு வேம்பு இல்லை என்று நமக்குத் தெரியும். இரண்டும் கசக்கும், அவ்வளவுதான் உறவு. கருஞ்சீரகமும் சீரகமும் அப்படியே. போக் மிர்ட்டில் என்ற பெயரிலும் இதே விவகாரம்தான். உண்மையான மிர்ட்டில் மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. கொய்யா, நாவல், கிராம்பு, யூகலிப்டஸ் எல்லாம் அதன் குடும்பத்தவை. மிரிகா அந்தக் குடும்பமே இல்லை. இலையின் வாசனையை வைத்து யாரோ மிர்ட்டில் என்று அழைக்க, அது ஒட்டிக்கொண்டது. மிரிகா என்ற சொல்லுக்கும் இதே கதைதான்: பழைய கிரேக்கத்தில் அதை ஒத்த சொல் டாமரிஸ்க் என்ற இன்னொரு மரத்தைக் குறித்தது. 1753-இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் அறிவியல் பெயர் சூட்டியபோது அது இந்தப் புதருக்கு நிலைத்துவிட்டது.

மிரிகாவின் உண்மையான சொந்தங்கள் வேறு பக்கம் இருக்கிறார்கள். ஓக், வால்நட், பிர்ச் ஆகியவை அந்த வரிசை. நம் கடற்கரை ஓரத்துச் சவுக்கும் அதே வரிசைதான். இமயமலை அடிவாரத்தில், உத்தராகண்டில், கோடையில் கூடையில் வைத்து விற்கும் காஃபல் பழம் இன்னும் நெருங்கிய சொந்தம். அதே மிரிகா குடும்பம்.

செடி ஆளுயரத்துக்குள் அடங்கிவிடும். பனிக்காலத்தில் இலை உதிர்ந்து செம்பழுப்புக் குச்சிகளாக நிற்கும். வசந்தத்தில் இலைக்கு முன்னால் பூ வரும். பகட்டான பூ இல்லை, விரல் நுனி அளவில் பிசுபிசுப்பான சிறு கதிர்கள். மகரந்தத்தைக் காற்று கொண்டுபோகும். பெரும்பாலும் ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆனால் சில செடிகள் ஓர் ஆண்டு ஆணாகவும் வேறோர் ஆண்டு பெண்ணாகவும் பூப்பதுண்டு. இலை 2 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், சாம்பல் கலந்த பச்சை, காம்புப் பக்கம் குறுகி நுனிப் பக்கம் அகன்றிருக்கும்.

சதுப்பு என்பது ஓர் ஊறுகாய் ஜாடி

சதுப்பு என்றதும் நமக்குச் சேறும் சகதியும்தான் நினைவுக்கு வரும். மிரிகா வளரும் சதுப்பு அப்படிப்பட்டதில்லை. அதைப் பீட் சதுப்பு என்பார்கள். பீட் என்பது முழுதாக மட்காமல் அடுக்கடுக்காகச் சேர்ந்துபோன தாவர மிச்சம்.

ஏன் மட்கவில்லை? ஊறுகாயை நினைத்துக்கொள்ளுங்கள். புளிப்பும் உப்பும் எண்ணெய் மூடாக்கும் சேர்ந்தால் மாங்காய் மாதக்கணக்கில் கெடாமல் இருக்கிறது. கெடுக்கும் நுண்ணுயிர்களால் அங்கே பிழைக்க முடிவதில்லை. பீட் சதுப்பில் உப்பும் எண்ணெயும் கிடையாது, ஆனால் புளிப்பும் மூடாக்கும் உண்டு. எப்போதும் தேங்கி நிற்கும் நீர் காற்றை உள்ளே விடுவதில்லை. ஸ்பேக்னம் என்ற பாசி நீரை அமிலமாக்கிவிடுகிறது. விழுந்த இலை, குச்சி, வேர் எல்லாம் அப்படியே படிந்து, ஆண்டுக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர் வீதம் உயர்கின்றன. 1950-இல் டென்மார்க்கில் பீட் வெட்டப் போனவர்கள் ஒரு மனித உடலைக் கண்டார்கள். முகத்தில் தாடி முள்கூடத் தெரிந்தது. அண்மையில் நடந்த கொலை என்று நினைத்துக் காவல்துறைக்குச் சொன்னார்கள். அந்த மனிதர் இறந்து 2,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. சதுப்பின் பதப்படுத்தும் சக்தி அவ்வளவு. நம் நீலகிரியின் மேட்டுப் பள்ளத்தாக்குகளிலும் பீட் படிவங்கள் உண்டு. பழங்காலத் தட்பவெப்பத்தை அறிய ஆய்வாளர்கள் அவற்றைத் துளைத்து எடுத்துப் படித்திருக்கிறார்கள். மிரிகா கேல் மட்டும் அங்கே இல்லை.

சரி, மட்காவிட்டால் செடிக்கு என்ன நட்டம்? பெரிய நட்டம். மட்கினால்தான் உரம். மட்காத நிலத்தில் சத்தெல்லாம் பெட்டிக்குள் பூட்டிய பணம் மாதிரி: கண்ணெதிரே இருக்கும், எடுக்க முடியாது. குறிப்பாக நைட்ரஜனுக்குக் கடும் பஞ்சம். அதே சதுப்பில் வளரும் பனித்துளிச் செடி பூச்சியைப் பிடித்துத் தின்பது இந்தப் பஞ்சத்தைச் சமாளிக்கத்தான்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: மிரிகா வளரும் இடம் ஈரமானது, புளிப்பானது, வேருக்குக் காற்று கிடைக்காதது, நைட்ரஜன் இல்லாதது. இங்கே ஒரு புதர் தழைக்கிறது என்றால் அதனிடம் ஏதோ வழி இருக்க வேண்டும்.

வேரில் ஒரு கூட்டுக் குடித்தனம்

நாம் மூச்சுவிடும் காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். ஆனால் எந்தச் செடியாலும் அதை நேரடியாக எடுத்துக்கொள்ள முடியாது. அந்த நைட்ரஜன் இரட்டை இரட்டையாக இறுகப் பிணைந்திருக்கிறது. பிரிக்க மிகுந்த ஆற்றல் வேண்டும். சில பாக்டீரியாக்களால் மட்டுமே அது முடியும். அவை காற்றின் நைட்ரஜனைப் பிரித்துச் செடிக்கு ஏற்ற வடிவில் மாற்றித் தருவதற்கு நைட்ரஜன் நிலைநிறுத்தல் என்று பெயர்.

நம் விவசாயிகளுக்கு இது புதிதில்லை. நெல் அறுத்த வயலில் உளுந்து தெளித்தால் மண் தேறும் என்பது பழைய அனுபவம். உளுந்தையோ நிலக்கடலையையோ வேரோடு பிடுங்கினால் கடுகு அளவில் முடிச்சுகள் தெரியும். அதற்குள் குடியிருக்கும் பாக்டீரியாதான் வேலை செய்கிறது. செடி சர்க்கரை தரும். பாக்டீரியா நைட்ரஜன் தரும்.

மிரிகா பயறுக் குடும்பம் இல்லை. ஆனாலும் இதே ஏற்பாட்டை வேறொரு கூட்டாளியுடன் செய்துகொண்டிருக்கிறது. அந்தக் கூட்டாளியின் பெயர் ஃபிராங்கியா; இழை இழையாக வளரும் ஒரு பாக்டீரியா. சவுக்கு வெறும் கடற்கரை மணலில் செழிப்பதும் இதே ஃபிராங்கியா உதவியால்தான். உளுந்து முடிச்சில் இருக்கும் பாக்டீரியாவை 19-ஆம் நூற்றாண்டிலேயே தனியாகப் பிரித்து வளர்த்துவிட்டார்கள். ஃபிராங்கியா அவ்வளவு எளிதில் பிடிபடவில்லை. 1978-இல்தான், மிரிகாவின் நெருங்கிய சொந்தமான ஓர் அமெரிக்கச் செடியின் வேரிலிருந்து, அதைப் பிரித்து வளர்க்க முடிந்தது.

இங்கே இன்னொரு சிக்கல் இருக்கிறது. இந்தச் செடியில் எனக்கு மிகவும் பிடித்த இடமும் இதுதான். வேர் முடிச்சு வேலை செய்யக் காற்று வேண்டும். நைட்ரஜனும் வேண்டும், மூச்சுவிட ஆக்சிஜனும் வேண்டும். சதுப்போ நீரில் மூழ்கிக் கிடக்கிறது. மிரிகா என்ன செய்கிறது? முடிச்சிலிருந்து மெல்லிய வேர்களைக் கீழே அனுப்பாமல் மேலே அனுப்புகிறது. பிச்சாவரத்தில் அலையாத்தி மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக நீட்டிக்கொண்டிருக்கும் சுவாச வேர்களைப் பார்த்திருப்பீர்கள். அதே யோசனை, ஆனால் நூலைப்போல மெலிந்த அளவில், பாசிக்குள் மறைந்து நடக்கிறது. ஒரு முடிச்சுக் கொத்தைப் பிடுங்கிக் கழுவினால், பவளத் துண்டு மாதிரிக் கிளைத்த பழுப்புக் கட்டியிலிருந்து இந்த வேர்கள் தலைமயிர் சிலிர்த்ததுபோல் ஒரே திசையில் நிற்பதைக் காணலாம். அந்தத் திசை வானம்.

சுருக்கமாக: பஞ்ச நிலத்தில் மிரிகா தன் உரத்தைத் தானே தயாரித்துக்கொள்கிறது. தயாரிப்பவர் ஃபிராங்கியா, அதற்குக் காற்றுக் குழாய் போடுவது செடி.

மணம் எங்கிருந்து வருகிறது

இலையைத் திருப்பிப் பாருங்கள். பொன்மஞ்சள் நிறத்தில் ஊசிமுனைப் புள்ளிகள் தெரியும். அவை எண்ணெய்ச் சுரப்பிகள். விரலால் கசக்கினால் அவை உடைந்து மணம் எழும்.

என்ன மணம்? யூகலிப்டஸின் குளிர்ச்சியும் பிசினின் காரமும் கலந்தது. இந்த ஒப்புமை கற்பனை இல்லை. ஊட்டியில் பாட்டிலில் விற்கும் நீலகிரித் தைலத்தின் முக்கியப் பொருள் சினியோல். மிரிகா எண்ணெயிலும் அது இருக்கிறது. டர்பன்டைனில் இருக்கும் பைனீனும் இருக்கிறது. இப்படி எளிதில் ஆவியாகும் மணப்பொருள்களில் பெரும்பாலானவை டெர்பீன் என்ற வகையைச் சேர்ந்தவை. கறிவேப்பிலை, எலுமிச்சைத் தோல் இரண்டின் மணமும் பெரிதும் டெர்பீன்களால் ஆனதுதான்.

செடி இதை நமக்காகச் செய்யவில்லை. நைட்ரஜன் சேர்ந்த இலை மேய்கிற விலங்குக்கும் பூச்சிக்கும் நல்ல தீனி. பஞ்சத்தில் சேர்த்த சொத்தைக் காக்கக் கசப்பும் காரமும் வேண்டியிருக்கிறது. மனிதர்கள் கண்டுபிடித்த பயன்களில் பெரும்பாலானவை இந்தக் காவலைக் கடன் வாங்கியவைதான். பூச்சி விலக வேண்டுமா, இலையை வை. பானம் கசக்க வேண்டுமா, இலையைப் போடு.

ஸ்காட்லாந்தின் மலைப்பகுதிகளிலும் மேற்குத் தீவுகளிலும் துணிகளுக்கு நடுவே மிரிகாக் குச்சிகளை வைப்பார்கள். அந்து வராது, துணியும் மணக்கும். நாம் பெட்டியில் வேப்பிலை வைப்பதுபோல. படுக்கையில் பரப்புவார்கள், தெள்ளுப்பூச்சி போகும். குழந்தைகளுக்கு வயிற்றுப் புழுவுக்கு இலைக் கஷாயம் கொடுத்ததும் உண்டு.

அந்த ஊரில் கோடையில் மிட்ஜ் என்ற கடிக்கும் சிறு பூச்சி கூட்டம் கூட்டமாக வரும். கொசுவைவிடப் பலமடங்கு சிறியது. முகம், காது, தலைமுடி என்று மேகம்போல் மொய்க்கும். அதற்குத் தொப்பியில் மிரிகாக் கொத்து செருகிக்கொள்வது பழைய வழக்கம். பலிக்குமா? எண்ணெயாக எடுத்துப் பூசினால் விரட்டும் குணம் உண்மையில் இருக்கிறது. ஆனால் அது ஆவியாகிற பொருள். ஆவியானதும் வேலை முடிந்தது. கடைகளில் விற்கும், டீட் என்ற பூச்சிவிரட்டி வேதிப்பொருள் கலந்த பூச்சுகளோடு இதைச் சமமாக வைத்துப் பேசுவது சரியில்லை. தொப்பியில் செருகிய ஒரு கொத்து, உங்களைச் சுற்றி மொய்க்கும் ஆயிரம் பூச்சிகளுக்கு எதிராகப் பெரிதாக எதுவும் செய்துவிடாது.

பீர், க்ருயிட், ஒரு வரி

இப்போது அதிகம் குழம்பிக் கிடக்கும் பகுதி. "ஹாப்ஸ் வருவதற்கு முன் பீரில் க்ருயிட் என்ற மூலிகை போட்டார்கள், அது மிரிகாதான்" என்று பலர் எழுதுகிறார்கள். க்ருயிட் ஒரு மூலிகையின் பெயர் இல்லை. சாம்பார்ப் பொடி என்று ஒரு செடி இல்லையே, அதுபோல. இன்றைய நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனியின் ரைன் ஆற்றுப் பகுதி ஆகியவற்றில் பீருக்குச் சேர்த்த கலவையின் பெயர் அது. ஊருக்கு ஊர் சேர்மானம் மாறும். ஈரநிலம் மிகுந்த பகுதிகளில் மிரிகாவுக்கு அதில் முதன்மை இடம்.

பீருக்கு எதற்குக் கசப்பு? முளைகட்டிய தானியத்தில் காய்ச்சிய பானம் திகட்டும் இனிப்பாக இருக்கும். சீக்கிரம் புளித்தும் போகும். கசப்பும் மணமும் இனிப்பைச் சமன்செய்யும். நுண்ணுயிர்களை ஓரளவு தடுக்கும்.

க்ருயிட்டின் இன்னொரு பக்கத்தைப் பலர் கவனிப்பதில்லை. அது ஒரு வரி. பீர் காய்ச்சுகிறவர் சதுப்பில் இறங்கித் தானே இலை பறித்துப் போட்டுக்கொள்ள முடியாது. உரிமை பெற்ற இடத்தில் பொடியாக்கிக் கலந்து வைத்ததை விலை கொடுத்து வாங்க வேண்டும். நம் கடற்கரையில் உப்பு தானாக விளைந்தும் அள்ள முடியாமல் வரி இருந்ததே, அதே நிலைமை. இந்த உரிமையை அரசர்கள் ஆயர்களுக்கும் (பிஷப்புகளுக்கும்) பிரபுக்களுக்கும் வழங்கினார்கள். 999-இல் பேரரசர் மூன்றாம் ஓட்டோ, பொம்மல் என்ற ஊரின் க்ருயிட் உரிமையை உட்ரெக்ட் ஆயருக்குக் கொடுத்ததற்கு ஆவணம் இருக்கிறது. பெல்ஜியத்தின் ப்ரூஜ் நகருக்குப் போனால் க்ரூட்ஹூஸ அரண்மனையைப் பார்க்கலாம், இன்று அருங்காட்சியகம். பெயரிலேயே க்ருயிட் இருக்கிறது. அந்தக் குடும்பம் செல்வம் சேர்த்ததற்கு இந்த உரிமை ஒரு முக்கியக் காரணம்.

பிறகு ஹாப்ஸ் ஏன் வென்றது? ஹாப்ஸ் கொடியின் பூவில் இருக்கும் கசப்பு அமிலங்கள் பீரைக் கெடுக்கும் பாக்டீரியாக்களை மிரிகாவைவிட நன்றாகத் தடுக்கின்றன. ஹாப்ஸ் போட்ட பீர் நாள்பட நின்றது. நாள்பட நின்றால் கப்பலில் ஏற்றலாம். 13, 14-ஆம் நூற்றாண்டுகளில் பிரேமன், ஹாம்பர்க் போன்ற வட ஜெர்மன் துறைமுகங்களிலிருந்து ஹாப்ஸ் பீர் தாழ்நாடுகளுக்கு, அதாவது நெதர்லாந்து, பெல்ஜியம் பக்கம், போய் இறங்கியது. ஹாப்ஸை வயலில் பயிரிடவும் முடிந்தது. சுவீடனில் 1442-ஆம் ஆண்டுச் சட்டம், ஒவ்வொரு விவசாயியும் 40 ஹாப்ஸ் கம்பங்கள் நட வேண்டும் என்றே கட்டளையிட்டது. சதுப்பில் தேடிப்போய்ப் பறிக்க வேண்டிய புதரால் இதோடு போட்டிபோட முடியவில்லை.

அதனால் "1516-ஆம் ஆண்டு பவேரியச் சட்டம் மூலிகை பீரை ஒழித்தது" என்ற கதையை அப்படியே ஏற்காதீர்கள். அந்தச் சட்டம் பார்லி, ஹாப்ஸ், நீர் ஆகிய மூன்றைத்தான் அனுமதித்தது, உண்மை. ஆனால் மிரிகா கோலோச்சிய பகுதி தென் ஜெர்மனியில் இருக்கும் பவேரியா இல்லை. கோலோச்சிய இடங்களில் ஹாப்ஸ் அதற்கு முன்பே முந்திவிட்டது. மிரிகாவைத் தோற்கடித்தது பெரும்பாலும் வியாபாரக் கணக்கு. நோர்வே, சுவீடனின் கிராமங்களில் வீட்டு பீரில் அது அப்புறமும் நெடுங்காலம் இருந்தது.

வெறியூட்டும் செடி எது?

மிரிகா பீர் குடித்தால் தலை கிறுகிறுக்கும், பித்துப் பிடிக்கும், வைக்கிங் வீரர்கள் இதைக் குடித்துத்தான் வெறிகொண்டு போரிட்டார்கள் என்பவற்றுக்கு வருவோம். வீரர்கள் கதைக்கு ஆதாரம் இல்லை. கிறுகிறுப்புக் கதையில் ஆள்மாறாட்டம் நடந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன்.

அதே வட நாட்டுச் சதுப்புகளில் இன்னொரு மணமுள்ள புதர் வளர்கிறது. ஆங்கிலத்தில் மார்ஷ் ரோஸ்மேரி. இதுவும் ரோஸ்மேரி கிடையாது. ஊட்டிப் பக்கம் சிவப்பாகப் பூக்கும் ரோடோடென்ட்ரான் மரத்தின் இனம். நோர்வேயில் இதற்கு ஃபின்மார்க்ஸ்பொர்ஸ் என்று பெயர், அதாவது ஃபின்மார்க் மாவட்டத்துப் பொர்ஸ். பெயரிலேயே குழப்பம் நுழைந்துவிட்டது. மிரிகா கிடைக்காத இடங்களில் இதையும் பீரில் போட்டிருக்கிறார்கள். இதில் லெடால் என்ற பொருள் இருக்கிறது. அது நரம்பு மண்டலத்தைத் தாக்கும் நஞ்சு. தலைசுற்றல், வலிப்பு வரைக்கும் கொண்டுபோகக்கூடியது.

இரண்டையும் பிரித்தறிவது கடினமில்லை. மார்ஷ் ரோஸ்மேரி பனிக்காலத்திலும் இலையோடு நிற்கும். இலை தடித்து, ஓரம் உள்பக்கம் சுருண்டு, அடிப்பக்கத்தில் துருநிறப் பஞ்சு மூடியிருக்கும். பூ வெள்ளைக் கொத்து. மிரிகாவின் இலை மெலிது, உதிரும்; அடியில் பஞ்சு இல்லை, பொன்புள்ளிகள்தான். இலையைத் திருப்பிப் பார்க்காமல் எதையும் பறிக்காதீர்கள். கர்ப்பிணிகள் மிரிகாவையும் தொட வேண்டாம். கருவைக் கலைக்கும் என்ற எச்சரிக்கை அந்த ஊர்களில் வழிவழியாக இருக்கிறது. அதை அலட்சியப்படுத்த எனக்குத் துணிவில்லை.

இன்னும் சில பயன்கள்

காயை நீரில் கொதிக்கவைத்தால் மேலே மெழுகு மிதக்கும். வடித்து எடுத்து மெழுகுவத்தியில் சேர்த்தார்கள். கிடைப்பது கொஞ்சம்தான். அமெரிக்காவில் வளரும் இதன் சொந்தமான பேபெரியில் மெழுகு நிறைய. அங்கே அதற்கென்றே பறிப்பார்கள். மிரிகாவின் பட்டை தோல் பதனிட உதவியது. கம்பளிக்கு மஞ்சள் சாயமும் கிடைத்தது. ஸ்காட்லாந்தின் கேம்ப்பெல் குலத்தாருக்கு இதுவே அடையாளச் செடி.

இன்றும் டென்மார்க்கின் மேற்குப் பகுதியில் மிரிகாவை ஸ்னாப்ஸ் என்ற சாராயத்தில் ஊறப்போடுகிறார்கள். கொஞ்சம் கிள்ளிப் போட்டாலே நிறமற்ற சாராயம் மஞ்சளாகிவிடும். அதிகம் போட்டால் கசந்துபோகும்.

பறிக்காமல் விட்ட காய்கள் சதுப்பிலேயே உதிர்கின்றன. மிளகைவிடச் சின்னது ஒவ்வொன்றும். இரு பக்கமும் பஞ்சுபோன்ற இரண்டு சிறகுகள் ஒட்டியிருக்கும், பறப்பதற்காக இல்லை. மழைக்காலத்தில் நீர் ஏறும்போது அந்தச் சிறகுகளின் பலத்தில் காய் மூழ்காமல் மிதந்து போகும். நீர் வடிகிற இடத்தில், இன்னொரு சதுப்பின் ஓரத்தில், ஒதுங்கும்.